நாலாவது தடவைதான் மாவு ஆனது

போன திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு மாவு மில்லிலிருந்து 1,690 கிராம் முளைகட்டிய கேழ்வரகு மாவோடு வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டுத் தராசில் நிறுத்த எடை இது. வாயில் போட்டுப் பார்த்தேன், கல் நறநறக்கவில்லை. மோந்து பார்த்தேன், ஈர வாடை இல்லை. தொண்டையில் காரமும் இல்லை. காரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அது மூன்றாவது தடவையின் கதை.

மகளுக்கு ஒன்றரை வயது. ஆறு மாதம் முடிந்ததிலிருந்து கேழ்வரகுக் கஞ்சிதான் அவளுடைய காலைச் சாப்பாடு. கடையில் முளைகட்டிய மாவு அரைக்கிலோ 140 ரூபாய். அம்மா இருப்பது பென்னாகரம் பக்கம். அந்த மண்ணில் மானாவாரியில் கேழ்வரகு விளையும். 2023இலிருந்து தருமபுரி மாவட்டத்தில் ரேஷனிலேயே 2 கிலோ அரிசிக்குப் பதிலாக அதைத் தருகிறார்கள். “கேவுரு விளையற ஊர்ல பொறந்துட்டு பாக்கெட்ல வாங்கிக் காய்ச்சறியேடா” என்று போனில் அம்மா சொன்னது புரட்டாசியில். அன்றைக்கே அரைக்கிலோ கேழ்வரகு வாங்கி வந்தேன். கிலோ 55 ரூபாய்.

முதல் தடவை செய்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஊறப்போட்டேன். காலையில் ஆபீஸ் அவசரத்தில் அப்படியே விட்டுவிட்டுப் போனேன். கொண்டைக்கடலையெல்லாம் நாள் முழுக்க ஊறுகிறதே, இது ஊறினால் என்ன என்று நினைப்பு. சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து பார்த்தால் 21 மணி நேரம் ஆகியிருந்தது. தண்ணீரின் மேல் நுரை. சரி, கழுவினால் போகும் என்று வடித்து, ஒரு கைக்குட்டையில் இறுக்கிக் கட்டி, எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடியும் போட்டேன். மறுநாள் திறந்தபோது பழங்கஞ்சி கெட்டுப்போன வாடை. விரலால் தொட்டால் வழுவழு என்று ஒட்டியது. முளை விட்டவை பத்தில் ஒன்றுகூட இருக்காது.

அதைக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டினேன். ஒரு வாரத்தில் அங்கே பத்துப் பதினைந்து கேழ்வரகு நாற்று. என் டப்பாவில் முளைக்க மறுத்த விதை, மண்ணைப் பார்த்ததும் முளைத்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். “கேவுருக்கு மூச்சு விட எடம் வேணும் கண்ணு. இறுக்கிக் கட்டினா செத்துப்போகும். ஒரு ராத்திரி ஊறினா போதும், நடுவுல ஒரு தடவ தண்ணிய மாத்து” என்றார். இவ்வளவுதான் விஷயம். 28 ரூபாய் போனது.

இரண்டாவது தடவை, ஐப்பசி. இப்போது நம்பிக்கை வந்து 2 கிலோ வாங்கினேன். தராசும் வாங்கினேன், 450 ரூபாய். சுத்தம் செய்வதையும் ஒழுங்காகச் செய்வது என்று முடிவு. முறத்தில் புடைக்க எனக்கு வராது. நான் புடைத்தால் தூசி முறத்திலேயே இருக்கும், கேழ்வரகு தரையில் இருக்கும். “தள்ளுங்க” என்று மனைவி வாங்கிப் புடைத்துக் கொடுத்தாள்.

அரிப்பதை மட்டும் நான் கற்றுக்கொண்டேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கேழ்வரகில் இருக்கும் மணலும் கேழ்வரகும் ஒரே அளவு, கிட்டத்தட்ட ஒரே நிறம். கண்ணால் பொறுக்க முடியாது. அகலமான இரண்டு பாத்திரம் வேண்டும். ஒன்றில் ஒரு கிலோவைப் போட்டு, நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, கையால் கலக்கிவிட்டு, பாத்திரத்தை இடமும் வலமுமாக மெல்ல ஆட்ட வேண்டும். கேழ்வரகு தண்ணீரோடு சேர்ந்து மேலே எழும்பும். எழும்பும் நேரத்தில் சாய்த்தால் தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே சாய்க்க வேண்டும், நிறுத்தினால் கல்லும் சேர்ந்து வந்துவிடும். கடைசிக் கைப்பிடி வரும்போது அவசரப்படக் கூடாது. அதில்தான் மொத்தக் கல்லும் உட்கார்ந்திருக்கும். அந்தக் கைப்பிடியை மட்டும் சின்னக் கிண்ணத்தில் மூன்று தடவை தனியாக அரித்தேன். அடியில் கறுப்பும் சிவப்புமாகப் பொடி மணல் தங்கியது. காயவைத்து நிறுத்தேன், 25 கிராம். புடைத்ததில் போன தூசியும் உமியும் 55 கிராம். மணலை எதற்கு நிறுக்கிறீர்கள் என்று மனைவி கேட்டதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பின்னால் அந்தக் கணக்குதான் உதவியது: 2 கிலோவில் என் கையில் இருக்கும் உண்மையான கேழ்வரகு 1,920 கிராம்.

ஒன்பது மணி நேரம் ஊறவைத்து, வடித்து, அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்த துண்டில் தளர்வாகக் கட்டி, துளை போட்ட கூடையில் வைத்தேன். காலையும் மாலையும் கையால் தண்ணீர் தெளித்தேன். பதினெட்டு மணி நேரத்தில் ஒவ்வொரு மணியின் ஓரத்திலும் வெள்ளைப் புள்ளி. வெள்ளரிக்காய் வெட்டிய மாதிரி ஒரு வாசனை. முப்பது மணி நேரத்தில் திறந்தால் முளையைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு போல ஏதோ படர்ந்திருந்தது. பூஞ்சை என்று பதறி, ராத்திரி பத்தரைக்கு அம்மாவுக்கு வீடியோ போட்டுக் காட்டினேன். “தண்ணி தெளிச்சுப் பாரு” என்றார். தெளித்தேன். பஞ்சு படிந்து காணாமல் போனது. அது வேரிலிருந்து வரும் தூவி, பூஞ்சை கிடையாது. முளைக்கும் விதைக்கு இயல்பாக இருப்பதுதான்.

இந்தப் பாடத்தைத்தான் தப்பாகப் பயன்படுத்தினேன்.

மறுநாள் காயவைக்க வேண்டும். சென்னையில் ஐப்பசி எப்படி இருக்கும் என்று தெரிந்தும் நாள் பார்க்காமல் ஊறப்போட்டது முழுக்க என் முட்டாள்தனம். நான்கு நாள் விடாத மழை. சாப்பாட்டு மேஜையில் வேட்டியை விரித்து, மேலே ஃபேனை ஐந்தில் வைத்தேன். இரண்டு விரற்கடை கனத்துக்குப் பரப்பியிருந்தேன், அது அடுத்த தப்பு. வேர்கள் ஒன்றோடொன்று பின்னி அடை மாதிரி ஒட்டிக்கொண்டன. மேலே காய்ந்தது போல இருக்கும், கையை விட்டால் உள்ளே சூடு. மூன்றாம் நாள் மறுபடி வெள்ளைப் பஞ்சு தெரிந்தது. வேர்த்தூவிதானே என்று தைரியமாக இருந்தேன். நாலாம் நாள் பழைய பீரோவைத் திறந்த வாடை அடித்தது. உற்றுப் பார்த்தால் ஒரு மணியிலிருந்து இன்னொரு மணிக்கு ஒட்டடை மாதிரி இழை ஓடியது, அங்கங்கே பச்சை. தண்ணீர் தெளித்தும் படியவில்லை.

கழுவிக் கடாயில் வறுத்துவிட்டால் சரியாகிவிடாதா என்று ஒரு யோசனை வந்தது. 110 ரூபாய், நான்கு நாள் வேலை. அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்: “மண்ணுல கொட்டு. புள்ளைக்குக் குடுக்கறதுல கணக்குப் பாக்காத.” கொட்டினேன்.

மூன்றாவது தடவை மார்கழியில். மழை விட்டிருந்தது, வெயில் உறைக்கவில்லை. மொட்டை மாடியில் பாய் போட்டு அதன்மேல் வேட்டி. சிமெண்டுத் தரையில் நேராக வேட்டியை விரித்தால் தரையின் தூசி ஈரத்தில் ஒட்டிக்கொள்கிறது. புறாக்கள் வந்தன. கொசுவலைத் துணி 2 மீட்டர் 60 ரூபாய்க்கு வாங்கி, மேலே போர்த்தி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தேன். கொஞ்சமாகப் பரப்பி, மணிக்கு ஒரு தடவை கையால் உதிர்த்துவிட்டதில் அடை கட்டவில்லை. மூன்று நாளில் காய்ந்தது.

காய்ந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அம்மா கடித்துப் பார்ப்பார். ‘கடுக்’ என்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் ஈரம். எனக்கு எல்லாமே கடுக் என்றுதான் கேட்டது. அப்போதுதான் தராசு ஞாபகம் வந்தது. ஊறுவதற்கு முன் 1,920 கிராம். ஊறி வடித்தபோது 2,730. ஏறின தண்ணீர் அத்தனையும் இறங்கினால்தான் காய்ந்ததாக அர்த்தம். முளைக்கும்போது மணி தன் சத்தில் கொஞ்சத்தைத் தானே செலவழித்துக்கொள்கிறது, ஆகவே பழைய எடைக்கும் கொஞ்சம் கீழே வர வேண்டும். இரண்டாம் நாள் மாலை 1,960. ‘கடுக்’ என்றுதான் கேட்டது, ஆனால் ஈரம் இருக்கிறது. மூன்றாம் நாள் மாலை 1,790. அதற்கு மேல் ஒரு மணி நேரம் வைத்தும் இறங்கவில்லை. அங்கே நிறுத்தினேன். இந்த முழு வேலையிலும் நானாகக் கண்டுபிடித்தது இது ஒன்றுதான்.

பிறகு இரண்டு கையாலும் கசக்கினால் காய்ந்த வேரும் முளையும் உதிரும், புடைத்தால் பறந்துவிடும். இரும்புக் கடாயில் வறுத்தேன். வாசம் வர வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்ததால், நன்றாக வரட்டும் என்று பெரிய தீயில் வைத்து, சில மணிகள் பொரியும்வரை விட்டேன். மில்லுக்கு எடுத்துப்போனது சனிக்கிழமை மதியம். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அம்மா நான்கு கிலோ மிளகாயோடு நின்றிருந்தார். அரைக்கும்போது மில் முழுக்க தும்மல். அடுத்தது நான். “ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டிட்டேன் சார்” என்றார் மில்காரர். நானும் நம்பினேன், அவரும் பொய் சொல்லவில்லை. ஒரு பிடி போதாது, அவ்வளவுதான்.

மாலையில் காய்ச்சினோம். மகளுக்கு ஊட்டுவதற்கு முன் எப்போதும் மனைவி ஒரு ஸ்பூன் குடித்துப் பார்ப்பாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். “இது என்னங்க, ரசம் மாதிரி தொண்டையில நிக்குது?” அந்த மாவு முழுவதும் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடையாக எங்கள் வயிற்றுக்குள் போனது. இரண்டு வாரம் அடை. நன்றாகத்தான் இருந்தது, மிளகாய் தனியாகப் போட வேண்டியிருக்கவில்லை.

நாலாவது, மாசி. இந்தத் தடவை நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணினேன். சனியும் ஞாயிறும் முழு வெயில் வேண்டும். அதற்குச் சனி காலை பத்து மணிக்கு முளை தயாராக இருக்க வேண்டும். ஆகவே வியாழன் இரவு ஒன்பதுக்கு ஊறல், வெள்ளி காலை ஆறுக்கு வடிப்பு, அதிலிருந்து 28 மணி நேரம் துணியில். முளை மணியைப் போல இரண்டு பங்கு நீளம், அதோடு நிறுத்தினேன். மாசி வெயில் உறைத்தது. ஞாயிறு மாலை நான்கு மணிக்கே எடை 1,785. கசக்கிப் புடைத்த பின் 1,740.

வறுப்பதைச் சின்னத் தீயில், அரைக்கிலோ அரைக்கிலோவாக, ஒரு ஈடுக்கு ஆறு நிமிடம். கையில் எடுத்தால் சுட வேண்டும், நிறம் மாறக் கூடாது. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மூன்றாவது தடவை மாவில் காய்ச்சிய கஞ்சி கெட்டியாக வந்தது, சாதாரணக் கேழ்வரகு மாவைப் போலவே. இப்போது அதே 2 மேஜைக்கரண்டி மாவு, அதே 200 மில்லி தண்ணீர், கஞ்சி மோர் மாதிரி ஓடுகிறது. மணி முளைக்கும்போது அதற்குள்ளேயே மாவைக் கரைக்கும் சக்தி ஒன்று பிறக்கிறது. அதிகம் வறுத்தால் அது செத்துவிடுகிறது. நீர்த்து ஓடினால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். கரண்டி நிற்கும் அளவு கெட்டியானதைக் குழந்தை துப்பிவிடும். இதில் மூன்று மேஜைக்கரண்டி போட்டாலும் குடிக்கிற பதத்தில் இருக்கிறது, அதே டம்ளரில் மாவு கூடுதலாக உள்ளே போகிறது.

மில்லுக்குத் திங்கள் காலை ஏழு மணிக்கு, கதவு திறந்ததும். கையோடு கால் கிலோ ரேஷன் அரிசி கொண்டுபோய், முதலில் அதை ஓட்டச் சொல்லி, வந்த மாவை மில்காரரிடமே கொடுத்துவிட்டேன். கோலத்துக்கு ஆகும் என்றார். கூலி கிலோவுக்கு 20 ரூபாய் வீதம் 40. மெஷினிலிருந்து வரும் மாவு கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அப்படியே தூக்கில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி கட்டியாகிவிடும். வீட்டில் செய்தித்தாளில் பரப்பி இரண்டு மணி நேரம் ஆறவிட்டுத்தான் டப்பாவில் போட்டோம்.

கஞ்சி காய்ச்சும்போது மாவை எப்போதும் பச்சைத் தண்ணீரில் கரைத்துத்தான் அடுப்பில் வைக்க வேண்டும். சின்னத் தீயில் ஏழு நிமிடம், கிண்டிக்கொண்டே. முதல் மூன்று நிமிடம் கெட்டியாவது போலப் போக்குக் காட்டும், பிறகு இளகும். இளகும்போது ஒரு இனிப்பு வாசனை வரும். கருப்பட்டிப் பாகு அரைக்கரண்டி போதுகிறது, முன்பு ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டிருந்தோம். மகள் டம்ளரைக் கவிழ்த்து, தீர்ந்துவிட்டதா என்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

செலவு: இந்தத் தடவை கேழ்வரகு 110, அரவை 40, ஆக 150 ரூபாய். அதே 1,690 கிராமைக் கடையில் வாங்கினால் 473 ரூபாய் ஆகும். மிச்சம் 323. ஆனால் கொட்டிய இரண்டு தடவைக்கு 138, தராசு 450, கொசுவலை 60, ஆக 648 ரூபாய் ஏற்கனவே போயிருக்கிறது. இன்னொரு தடவை ஒழுங்காகச் செய்தால் கணக்கு நேர், இரண்டு ரூபாய் கைநஷ்டம். என் சம்பளத்துக்கு மணிக்கணக்கு போட்டால் என்ன ஆகும் என்று மனைவி கேட்டாள். அதை நான் போடுவதாக இல்லை.

அடுத்த முறை மாற்றப்போவது: அரிப்பதற்கு அம்மாவிடம் உள்ள அரிக்கஞ்சட்டியைக் கேட்டிருக்கிறேன். உள்பக்கம் வரி வரியாகப் பள்ளம் வைத்த மண்சட்டி. கல் அந்த வரியில் சிக்கிக்கொள்ளும், ஆட்டுவதில் என் அளவுக்குத் திறமை போதும். காயவைக்கப் பாய்க்குப் பதில் பழைய கயிற்றுக் கட்டில் ஒன்று கிடைத்தால் கீழிருந்தும் காற்று வரும். வருஷத்துக்கு மாசி, பங்குனி, சித்திரையில் மட்டும் செய்து வைப்பது, ஐப்பசி கார்த்திகையில் பேசாமல் கடையில் வாங்குவது. 2 கிலோவுக்கு மேல் போகமாட்டேன். மாவு எங்களுக்கு ஐந்து வாரம் வரும், அதற்கு மேல் வைத்தால் பழைய வாசம் வந்துவிடும்.

புதன்கிழமை அம்மா ஊரிலிருந்து வந்தார். வந்த அன்று ராத்திரியே களி கிண்டுகிறேன் என்று அந்த மாவை எடுத்துவிட்டார். நான் ஆபீசிலிருந்து வருவதற்குள் அடுப்பில் ஏற்றியாகிவிட்டது. முழங்கை வலிக்க வலிக்கத் துடுப்பால் கிண்டியும் உருண்டை நிற்கவில்லை. தட்டில் போட்டதும் பசை மாதிரி படர்ந்து குழம்போடு கலந்தது. “என்னடா கண்ணு மாவு இது, ஏதாவது கலந்துட்டானா மில்லுக்காரன்?” என்றார். கலப்படம் இல்லையம்மா, முளை அதிகமாகிவிட்டது என்று நான் ஆரம்பிப்பதற்குள் மனைவி, “முளை கட்டினா இளகிடும் அத்தை, கஞ்சிக்குத்தான் ஆகும்” என்று முடித்துவிட்டாள். கீரைக் கடைசலோடு அதை நாங்கள் மூவரும் ஸ்பூனால் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை பார்த்தால் டப்பாவின் மேல் மனைவியின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: “முளை மாவு. களிக்கு ஆகாது.” பக்கத்தில் முளை கட்டாத கேழ்வரகு 1 கிலோ, அம்மா புடைத்து வைத்தது, மில்லுக்குப் போகக் காத்திருக்கிறது.